டெபியனில் முதல் பங்களிப்பு: எந்த வாசல் திறக்கிறது, எது இழுத்தடிக்கிறது

ஓப்பன் சோர்ஸ் இயங்குதளம் ஒன்றுக்கு உழைக்க வேண்டும் என்று சென்னையில் ஒருவர் கிளம்பினால், காதில் விழும் முதல் இரண்டு பெயர்கள் பாஸும் உபுண்டுவும்தான். பாஸ், மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான நம்மூர் சி-டாக்கில் உருவானது. ஆனால் அதன் அடித்தளம், உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் சேர்ந்து செய்யும் லினக்ஸ் இயங்குதளமான டெபியன். உபுண்டுவுக்கும் அதுவே. ஏரியில் மடையைச் சரிசெய்தால் கீழே உள்ள வாய்க்கால்களுக்கெல்லாம் தண்ணீர் ஒழுங்காகப் போகும். அதனால் இங்கே எடைபோடுவது டெபியனை, அதுவும் வேலை செய்ய வருபவரின் பக்கத்திலிருந்து.

கருவிகள் பிரமாதம். ஆவணங்கள் ஏராளம், ஆனால் நாலு இடத்தில் சிதறிக் கிடக்கின்றன. மனிதர்களின் பதிலுக்குக் காத்திருப்பதுதான் உண்மையான சோதனை. "புதுசா ஒரு பேக்கேஜ் செய்து உள்ளே நுழைகிறேன்" என்று வருபவர் பெரும்பாலும் நொந்துபோவார். (பேக்கேஜ் என்பது நிறுவத் தயாராகக் கட்டிய மென்பொருள் பொதி.) பிழை அறிக்கையிலோ தமிழாக்கத்திலோ தொடங்குபவருக்குக் கதவு சீக்கிரம் திறக்கும்.

எந்திரத்துக்குப் பெரிய செலவு வேண்டாம். ரிச்சி தெருவில் கிடைக்கும் பழைய திங்க்பேட் போதும்: 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி, அதில் 40 ஜிபி காலி இடம். வைஃபை சிப்புக்கு ஃபர்ம்வேர் (சிப்பை இயக்கும் நிரல்) தேடி அலைந்த காலம் டெபியன் 12-உடன் பெரும்பாலும் முடிந்தது. இப்போது அது இன்ஸ்டாலரிலேயே வருகிறது. லிப்ரெஆபிஸ், குரோமியம் போன்ற ராட்சதப் பேக்கேஜ்களை மட்டும் இதில் பில்ட் செய்ய, அதாவது மூல நிரலிலிருந்து கட்டியெழுப்ப, ஆசைப்பட வேண்டாம்.

அன்றாட வேலைக்கு, டெபியனின் நிலையான வெளியீடான ஸ்டேபிளையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் திருத்தங்கள் போய்ச் சேருவது, அடுத்த வெளியீட்டுக்கான வேலை நடக்கும் அன்ஸ்டேபிளுக்கு, அதாவது 'சிட்'டுக்கு. ஸ்டேபிளில் மட்டும் பில்ட் செய்து பார்த்த பேட்ச் (திருத்தக் கோப்பு), லைப்ரரிகளின் (நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் துணை நிரல்களின்) பதிப்பு மாறியிருப்பதால் அங்கே உடைய வாய்ப்புண்டு. இதற்கு, பில்ட் செய்யும் கருவியான எஸ்பில்டை நிறுவி, எம்எம்டெப்ஸ்ட்ராப் என்ற கருவி கொண்டு சிட்டுக்குத் தனி க்ரூட் (எந்திரத்துக்குள்ளேயே ஒதுக்கிய தனிச் சூழல்) அமைக்க வேண்டும். சுத்தமான சூழலில் பில்ட் ஆவதால் இன்னொரு லாபமும் உண்டு: பில்டுக்குத் தேவையானவற்றைப் பட்டியலிடும் பில்ட்-டிபெண்ட்ஸ் வரியில் எழுத மறந்த லைப்ரரி அங்கே உடனே பல்லிளிக்கும். சொந்த எந்திரத்தில் அந்த லைப்ரரி ஏற்கெனவே இருப்பதால் குறை வெளியே தெரியாது. சோர்ஸை (மூல நிரலை) இறக்குவதற்கு முன், பேக்கேஜ்கள் எங்கிருந்து வரும் என்று குறிக்கும் டெபியன்.சோர்சஸ் கோப்பின் டைப்ஸ் வரியில் 'டெப்'புக்குப் பக்கத்தில் 'டெப்-எஸ்ஆர்சி' இருக்கிறதா என்று பார்க்கவும். இல்லாவிட்டால், பேக்கேஜ்களை இறக்கி நிறுவும் ஏபிடி கருவியின் 'ஏபிடி சோர்ஸ்' கட்டளை கையை விரித்துவிடும்.

என்ன வேலை எடுப்பது என்று தெரியாதவருக்கு 'ஹவ்-கேன்-ஐ-ஹெல்ப்' என்ற சின்னப் பேக்கேஜ் உண்டு. டெபியனின் வரவேற்பறையிலேயே உருப்படியான பொருள் இதுதான். நிறுவிவிட்டால், ஏபிடி ஓடும்போதெல்லாம் நம் எந்திரத்தில் உள்ள பேக்கேஜ்களில் எது பராமரிப்பாளர் இல்லாமல் அநாதையாக நிற்கிறது, எதில் புதியவருக்கென்று குறியிட்ட பிழை இருக்கிறது என்று பட்டியல் போடும். தினமும் பயன்படுத்தும் மென்பொருளிலேயே வேலை கிடைப்பதால் சோதிப்பதும் எளிது.

பிழையைத் தெரிவிக்க ரிப்போர்ட்பக் என்ற கருவி. நிரல் பகிரும் தளமான கிட்ஹப்பில் பழகியவருக்கு இது எண்பதுகளின் ஆபீஸ் மாதிரித் தோன்றும், ஏனென்றால் எல்லாமே மின்னஞ்சல். எந்திரத்தில் மெயில் சர்வர் இல்லாவிட்டாலும் டெபியனின் சர்வர் வழியே அனுப்பலாம். முதல்முறை ஓடும்போது கேட்கும் கேள்விகளில் அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். புதியவர்கள் சறுக்குவது பிழையின் தீவிரத்தன்மையைக் குறிப்பதில். பேக்கேஜே பயன்படாமல் போனால், தரவு அழிந்தால், அல்லது பயனரின் கணக்குக்குள் பிறர் நுழையும் பாதுகாப்பு ஓட்டை இருந்தால்தான் 'கிரேவ்'. பட்டன் இடம் மாறி இருப்பதெல்லாம் 'மைனர்'. இன்னொன்று, அனுப்பிய கடிதம் முகவரியோடு பொதுவில் நிற்கும். இதற்கென்று தனி மின்னஞ்சல் வைத்துக்கொள்வது நல்லது. ஸ்பேம் வராமல் இருக்காது.

தமிழ் தெரிந்தவருக்கு இதைவிட நல்ல வாசல் மொழிபெயர்ப்பு. பேக்கேஜ் நிறுவும்போது கேட்கும் கேள்விகளின் பிஓ கோப்பை (மொழிபெயர்ப்பு வரிகள் கொண்ட கோப்பை) தமிழாக்கி, 'விஷ்லிஸ்ட்' (வேண்டுகோள்) வகைப் பிழையாக, எல்10என் (மொழியாக்கம்), பேட்ச் என்ற இரண்டு டேக் போட்டு அனுப்பினால் போதும். நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் பொறிகள் உண்டு. 'ஃபஸி' (சரிபார்க்க வேண்டியது) என்று குறியிட்ட வரிகள் திரையில் வரவே வராது. சரிபார்த்தபின் அந்தக் குறியை நீக்க வேண்டும். நிரல் செய்திகளில் ஆங்கிலத்தில் கோப்பின் பெயர் முன்னும் பேக்கேஜின் பெயர் பின்னும் வரும். தமிழில் 'இந்தப் பேக்கேஜில் அந்தக் கோப்பு இல்லை' என்று தலைகீழாகும். அப்போது, பெயர்கள் வந்து உட்காரும் சதவீதக் குறிகளுக்கு 1$, 2$ என்று வரிசை எண் தராவிட்டால் பெயர்கள் இடம் மாறி, செய்தி அபத்தமாகிவிடும். வேற்றுமை உருபைப் பெயரோடு ஒட்டவும் முடியாது. என்ன பெயர் வரும் என்று முன்கூட்டித் தெரியாதே! 'என்ற பேக்கேஜில்', 'என்ற கோப்பை' என்று எழுதினால் தப்பிக்கலாம். அனுப்பும் முன் எம்எஸ்ஜிஎஃப்எம்டி கட்டளையில் சரிபார்ப்பது கட்டாயம். இன்ஸ்டாலரின் தமிழைத் திரையில் பார்க்க வேண்டுமானால் வரைகலை இன்ஸ்டாலரில்தான் பார்க்க முடியும். படமில்லாமல் எழுத்து மட்டும் காட்டும் இன்ஸ்டாலரின் மொழிப் பட்டியலில் தமிழ் இருக்காது.

இனி இழுத்தடிக்கும் வாசல். புதிய பேக்கேஜை, அதற்கென்றே உள்ள மென்டர்ஸ் தளத்தில் ஏற்றி, ஸ்பான்சர் (நமக்காக அதைச் சரிபார்த்து டெபியனில் ஏற்றுபவர்) வேண்டும் என்று கேட்டு, ஒரு டெவலப்பர் மனம் வைத்துப் பார்த்து, அதற்கு மேல் 'நியூ' என்ற புதுப் பேக்கேஜ் பரிசீலனை வரிசையிலும் நின்றாக வேண்டும். அங்கே உரிமங்களைத் துருவித் துருவிப் பார்ப்பார்கள். காப்பிரைட் கோப்பில் ஒரே ஒரு கோப்பின் உரிமம் விட்டுப்போனாலும் திரும்பி வரும். பேக்கேஜின் குறைகளைச் சுட்டும் லிண்டியன் கருவியின் எச்சரிக்கைகளைத் துடைக்காமல் ஏற்றினால் ஸ்பான்சர் எட்டிக்கூடப் பார்க்காமல் போகலாம். இதற்குப் பதில் அநாதைப் பேக்கேஜ் ஒன்றைத் தத்தெடுக்கலாம்: அதற்கான பிழையின் தலைப்பில் 'ஓ' (அநாதை) இருக்கும் இடத்தில் 'ஐடிஏ' (தத்தெடுக்கும் எண்ணம்) என்று மாற்றி, உரிமையாளராக நம்மைக் குறித்துக்கொண்டால் வேலை தொடங்கிவிட்டது. ஸ்பான்சர் அப்போதும் வேண்டும், 'நியூ' வரிசை மட்டும் இல்லை. மூல நிரலை எழுதியவர் இன்னும் அதைக் கவனிக்கிறாரா என்று முதலில் பார்த்துவிடுங்கள். செத்த நிரலைத் தத்தெடுப்பது வீண் சுமை.

காலமும் முக்கியம். ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஃப்ரீஸ், அதாவது வெளியீட்டுக்கு முந்தைய உறைநிலை, வரும். டெபியன் 13-க்கு 2025 மார்ச்சில் அது தொடங்கி, ஆகஸ்ட் 9-இல் வெளியீடு நடந்தது. அந்த மாதங்களில் புது வசதிகளைத் தள்ளிவைப்பார்கள். வெளியீட்டைத் தடுக்கும் பிழைகளை ஒழிக்க வருபவருக்குத்தான் மதிப்பு.

டெபியனின் நிரல் சேமிப்புத் தளமான சால்சாவில் கணக்குத் தொடங்கினாலும் நிர்வாகிகள் அனுமதித்த பிறகே திறக்கும். எதற்கு வேண்டும் என்று ஒரு வரி எழுதுங்கள். மெயின்டெய்னர் (தன் பேக்கேஜ்களைத் தானே ஏற்றும் உரிமை பெற்றவர்) நிலைக்குப் போக நினைப்பவரின் ஜிபிஜி சாவியில் (அடையாளத்தை உறுதிசெய்யும் மின்னணுச் சாவியில்) ஒரு டெபியன் டெவலப்பரின் கையொப்பம் வேண்டும். அதற்கு அவரை நேரில் பார்ப்பதே வழக்கமான வழி. 2023-இல் விழுப்புரத்தில் மினிடெப்கான்ஃப் என்ற சிறு டெபியன் மாநாடும், கொச்சியில் டெப்கான்ஃப் என்ற உலக மாநாடும் நடந்தன. அப்படி ஒன்று பக்கத்தில் வரும்போது அடையாள அட்டையையும், சாவியின் கைரேகை (அதன் அடையாள எண்) அச்சிட்ட துண்டுச்சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். சென்னையில் லினக்ஸ் பயனர் குழுவான ஐஎல்யூஜிசியின் கூட்டங்களிலும் விசாரிக்கலாம். பேட்ச் அனுப்பவோ தமிழாக்கம் தரவோ கையொப்பமும் வேண்டாம், சால்சா கணக்கும் வேண்டாம்.