ஒரு நிமிட செஸ் ஆட்டத்தில் கறுப்புக்கு எந்த கேம்பிட் (சிப்பாயைப் பலிகொடுத்துத் தாக்கும் தொடக்கம்)? எங்லுண்டா, ஸ்டாஃபோர்டா?

எஞ்சினை, அதாவது செஸ் ஆடும் கணினி நிரலைக் கேட்டால் இரண்டுமே தப்பு. கறுப்புக்கு எங்லுண்ட் கேம்பிட் மோசம், ஸ்டாஃபோர்ட் அதைவிட மோசம். ஆனால் ஆளுக்கு ஒரு நிமிடம் ஓடும் புல்லட்டில் எதிரே இருப்பது எஞ்சின் இல்லை. பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கட்டைவிரலால் ஆடும் யாரோ. அவரிடம் எது அதிகம் பலிக்கும்?

எங்லுண்ட், வெள்ளை முதலில் டி4 (டி வரிசையின் நான்காம் கட்டத்துக்குச் சிப்பாய்) ஆடினால், பதிலடியாக இ5 என்று சிப்பாயைக் கொடுப்பது. இதை வைத்து 1932-இல் ஒரு போட்டியே நடத்த உதவிய ஸ்வீடன்காரர் ஃப்ரிட்ஸ் எங்லுண்டின் பெயர் அதற்கு. வெள்ளை சிப்பாயை எடுக்கும். கறுப்புக் குதிரை சி6, ராணி இ7. வெள்ளை குதிரையை எஃப்3-இலும் பிஷப்பை எஃப்4-இலும் வைத்து அந்தச் சிப்பாயைக் காக்கும். உடனே ராணி பி4-இல் செக். பிஷப் டி2-க்குத் திரும்பி மறைத்ததும் ராணி பி2 சிப்பாயைத் தின்கிறது. இங்கே வெள்ளையின் கை தானாக பிஷப்பை சி3-க்கு நகர்த்தும். யானைக்குக் காவலும் ஆச்சு, ராணிக்கு மிரட்டலும் ஆச்சு என்று தோன்றும். கறுப்பு பிஷப் பி4-க்கு வந்தால் கதை முடிந்தது: வெள்ளை ராணி டி2, சி3-இல் காய்கள் வெட்டிக்கொள்கின்றன, கறுப்பு ராணி சி1-இல் மேட். எட்டே நகர்த்தல்.

சரி, பிஷப்புக்குப் பதில் குதிரை சி3-க்கு வந்தால்? அங்கேதான் வலி. யானை பி1-க்கு வந்து துரத்த, ராணி ஏ3, ஏ5 என்று ஓடும். தப்பிக்கும் வழியைத் தேடி வீணாவது நம் கடிகாரம்தான். இந்தப் பொறி இன்று ஊருக்கே தெரியும் என்பதால், ரேட்டிங் கொஞ்சம் ஏறியதும் பாதிப் பேர் குதிரையைத்தான் ஆடுகிறார்கள். ரீமேட்ச் கேட்டால் எல்லோருமே.

ஸ்டாஃபோர்ட் வேறு ரகம். இ4, இ5, வெள்ளைக் குதிரை எஃப்3, கறுப்புக் குதிரை எஃப்6. வெள்ளை இ5-ஐ எடுத்ததும் இன்னொரு குதிரையை சி6-இல் வைக்கிறோம். அது வெட்டுப்பட, டி சிப்பாயால் திருப்பி வெட்டுகிறோம். அமெரிக்க இன்டர்நேஷனல் மாஸ்டர் எரிக் ரோசனின் வீடியோக்களால்தான் பலருக்கும் இது அறிமுகம். ஒரு சிப்பாய் போனது, சி வரிசையில் இரட்டைச் சிப்பாய். ஆனால் டி வரிசையும் இரண்டு பிஷப்புகளின் பாதையும் திறந்துவிட்டன. வெள்ளை டி3, கறுப்பு பிஷப் சி5. வெள்ளை பிஷப் ஜி5-க்கு வந்து குதிரையைக் கட்டிப்போட்டால், கட்டப்பட்ட அந்தக் குதிரையே இ4-ஐ எடுக்கும். ஆசைப்பட்டு ராணியை வெட்டினால் ஒரு பிஷப் எஃப்2-இல் செக், இன்னொன்று ஜி4-இல் மேட். இதுவும் எட்டாவது நகர்த்தல்தான்.

வித்தியாசம் பொறி விழாதபோது தெரியும். வெள்ளை பிஷப்பை இ2-இல் வைத்து அடக்கமாகக் கேஸில் செய்தாலும் (ராஜாவை யானைப் பக்கம் ஒதுக்கினாலும்), நமக்கு எச்5, குதிரை ஜி4, ராணி டி6 என்று அதே தாக்குதல் காத்திருக்கிறது. யோசனையே வேண்டாம், கை ஆடிவிடும். யோசிக்க வேண்டியவர் அவர். சிப்பாயைக் கொடுத்து வாங்கியது அந்தப் பத்துப் பதினைந்து விநாடிதான்.

குறை என்னவென்றால், ஸ்டாஃபோர்டுக்கு எதிராளி சம்மதிக்க வேண்டும். இ5-ஐ எடுக்காமல் பிஷப் சி4 என்றோ குதிரை சி3 என்றோ போனால் கேம்பிட்டே கிடையாது. எங்லுண்டை டி4 ஆடுகிற எவர் மேலும் திணிக்கலாம்.

இ4-க்கு இ5 என்றே தொடங்கும் இன்னொன்றான லாட்வியன் கேம்பிட்டை நான் கணக்கில் சேர்க்கவில்லை. இரண்டாவது நகர்த்தலிலேயே எஃப் சிப்பாயைத் தள்ளி நம் ராஜாவின் கூரையை நாமே பிரிப்பானேன்?

எங்லுண்ட், ஸ்டாஃபோர்ட் இரண்டுக்கும் முதல் நகர்த்தல் ஒன்றுதான், இ5. இ4 வந்தாலும் டி4 வந்தாலும் ப்ரீமூவ் (எதிராளி ஆடும் முன்பே நம் நகர்த்தலைப் போட்டுவைப்பது) செல்லும். லிசெஸ் தளத்தில் அதற்கு நேரமே கழியாது, செஸ் டாட் காம் தளத்தில் விநாடியில் பத்தில் ஒரு பங்கு. வெள்ளை முதலிலேயே குதிரையை எஃப்3-இல் வைத்தால் சிப்பாய் சும்மா போகும். ஆனால் அப்போதும் குதிரை சி6, வெட்டு, டி சிப்பாயால் வெட்டு என்று போய், வெள்ளை இ4 ஆட நாம் குதிரையை எஃப்6-இல் வைத்தால் அச்சு அசலாக ஸ்டாஃபோர்ட் நிலை! இது தெரிந்த பிறகு எனக்கு ஸ்டாஃபோர்டின் பக்கமே மனசு. டி4 ஆட்களுக்கு மட்டும் எங்லுண்ட், அதுவும் முதல் ஆட்டத்தில் ஒரே ஒரு தடவை.