லேசரா, 420-ஆ? கிருஷ்ணகிரியிலிருந்து கழிமுகப் பந்தயத்துக்குப் போகிறவர்களுக்கு

லேசர், 420 இரண்டும் சிறிய பந்தயப் பாய்ப்படகுகள். நம் கே.ஆர்.பி. (கிருஷ்ணகிரி) அணைத் தண்ணீருக்குக் கடல்போல ஏற்றவற்றம் கிடையாது. அதில் ஓட்டிப் பழகுவதெல்லாம் கடலோரத்தில்தான், அதனால் படகை எப்படிக் கொண்டுபோவது என்பதே முதல் கேள்வி.

சுமை: லேசர் ரேடியல் (இன்று இல்கா 6; கீழே லேசர் என்பது இதுதான்) 4.23 மீட்டர், உடல் 59 கிலோ. இருவர் தூக்கிக் காரின் மேல் கட்டிவிடலாம்.
420 நீளம் 4.2 மீட்டர்தான், ஆனால் 80 கிலோ. டிரெய்லர் வேண்டும்.

ஆள்: லேசருக்கு ஒருவர், 55 முதல் 70 கிலோ எடை பொருத்தம். பாய்ப்படகு வீராங்கனை நேத்ரா குமணன் ஒலிம்பிக்கில் ஓட்டியது இந்த வகைதான்.
420-க்கு இருவர். ஒருவர் வராவிட்டால் அன்று படகு கரையில்தான்.

மணல்திட்டு: இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வற்றம் வேகமாக இறங்கும்போது எதிர்த்துப் போக, இழுப்பு குறைந்த ஆழமில்லாத ஓரத்தை ஒட்டித்தான் ஓட்ட வேண்டும். படகு பக்கவாட்டில் வழுக்காமல் இருக்க அடியில் நீருக்குள் இறங்கும் நடுப்பலகை லேசரில் நேராகச் செருகியது. தரை தட்டினால் பலகையின் முனையும், அது செருகியிருக்கும் பொந்தும் உடையும். கையால் முன்கூட்டியே பாதி தூக்க வேண்டும், தூக்கினால் படகு பக்கவாட்டில் வழுக்கும். 420-இன் பலகை ஓர் அச்சில் ஆடுவது, தட்டினால் தானே மடியும்.

பழுது: லேசரில் பாய்மரத்தின் அலுமினிய மேல்துண்டு ரிவெட் துளையருகே உப்பரித்து முறியும். ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.
420-இல் டிரபீஸ் கம்பி (ஆள் படகுக்கு வெளியே தொங்கிச் சாய்வது), ஸ்பின்னேக்கர் (முன்பக்க உப்பலான பாய்) கயிறு என்று பார்க்க வேண்டியவை இரட்டிப்பு.

தனியாள், சிறிய கார், மாதம் ஒருமுறைப் பயணம் என்றால் லேசர். நிலையான ஜோடியும் டிரெய்லரும் இருந்தால், திட்டுகள் நிறைந்த கழிமுகத்துக்கு 420.