டேம் பார்க்கா, மலை டூரா? கிருஷ்ணகிரிக்காரர்களின் ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு

சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ சொந்தக்காரர்கள் வந்து இறங்கினால், கிருஷ்ணகிரி வீடுகளில் சனிக்கிழமை ராத்திரி ஒரே பேச்சுதான். நாளைக்கு டேமுக்குப் போகலாமா, வேன் பிடித்து மலைக்குப் போகலாமா? டேம் என்பவர் பெரும்பாலும் வீட்டுப் பெரியவர். மலை என்பவர் கல்லூரியில் படிக்கும் பிள்ளை. கைக்குழந்தையோடு நடுவில் நிற்கும் அக்காவை யாரும் கேட்பதில்லை. முடிவெடுக்க வேண்டியதே அவரைப் பார்த்துத்தான் என்பது என் கட்சி.

டேம் பூங்காவில் எதையும் பார்த்து முடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அதுதான் அதன் பெரிய பலம். தென்பெண்ணையின் குறுக்கே 1950களில் கட்டிய கே.ஆர்.பி. அணை (கிருஷ்ணகிரி நீர்த்தேக்கத் திட்டம்), ஊரிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. சுமார் 9,000 ஏக்கருக்குப் பாசனம் தருவது அதன் வேலை. பூங்கா கூடவே வந்த வசதி. மரநிழல், புல்தரை, பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான்கள், அவ்வளவுதான். புளிசோறும் தயிர்சோறும் கட்டிக்கொண்டு போனால் பாட்டி ஒரு மரத்தடியில் கால் நீட்டி உட்கார்ந்துவிடலாம். அழும் குழந்தைக்காக வேன் முழுக்கக் காத்திருக்க வேண்டாம். போதும் என்று தோன்றினால் அரை மணியில் வீட்டில் இருக்கலாம். அப்புறம் மீன். மசாலா தடவி சுடச்சுட வறுத்துக் கொடுக்கும் கடைகள் அங்கே உண்டு. பலர் டேமுக்குப் போவதே அதற்காகத்தான், பூங்கா ஒரு சாக்கு.

மைசூர்ப் பக்கத்து கே.ஆர்.எஸ். அணையையும் அதன் பிருந்தாவனத் தோட்டத்தையும் மனதில் வைத்து வரும் விருந்தாளி இங்கே ஏமாந்துதான் போவார். இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த ஆறு பெங்களூரின் கழிவுநீரையும் சுமந்துகொண்டுதான் வருகிறது. ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் தண்ணீர் திறக்கும்போது நுரை பொங்கி நிற்பதை டிவியில் பார்த்திருப்பீர்கள். அதே தண்ணீர்தான் கீழே இறங்கி இங்கே சேர்கிறது. பார்க்கச் சரி, பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்குவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். அப்படியானால் மீன் மட்டும் தொண்டையில் எப்படி இறங்குகிறது என்று கேட்காதீர்கள்.

பூங்கா மோகம் இந்தச் சீமைக்குப் புதிதும் இல்லை. 1792இல் பாராமகால் என்று அப்போது அழைத்த இந்தப் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்தபோது வரி வசூல் வேலைக்கு வந்த தாமஸ் மன்றோ, தர்மபுரியில் சொந்தமாகத் தோட்டம் போட்டு வளர்த்தார். வேறு ஊருக்கு மாற்றியபோது அதை விட்டுப் போக அவருக்கு மனமே வரவில்லை.

சரி, மலை. டிராவல்ஸ்காரர்கள் ஒரு நாள் டூர் என்று சொல்வது பெரும்பாலும் இரண்டு இடங்களை: ஏலகிரி, ஏற்காடு. ஏலகிரிக்குப் பர்கூர், நாட்றம்பள்ளி தாண்டிப் பொன்னேரியில் ஏற வேண்டும். 14 கொண்டை ஊசி வளைவுகள், அவற்றுக்குத் தமிழ்ப் புலவர்கள், கடையெழு வள்ளல்களின் பெயர்கள். உயரம் சுமார் 1,100 மீட்டர். ஏற்காடு இன்னும் உயரம், 1,500 மீட்டரை ஒட்டி. குளிரும் நிச்சயம் அங்கேதான் அதிகம். ஆனால் சேலம் வரை போய் அதற்கப்புறம்தான் மலையே ஏற வேண்டும். விடியற்காலையில் கிளம்பினாலும் போக வர ஆறேழு மணி நேரம் வண்டியிலேயே கழிந்துவிடும். வளைவில் வாந்தி எடுக்கும் பிள்ளை ஒன்று எல்லா வேனிலும் இருக்கும். எலுமிச்சம்பழமும் கேரி பேக்கும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த டூர்களில் கைடு என்று வருபவர் பெரும்பாலும் டிரைவர்தான். லேடீஸ் சீட்டில் இருபது நிமிடம், பகோடா பாயிண்டில் இருபது நிமிடம், நடுவில் அவருக்குத் தெரிந்த மிளகுக் கடையில் முக்கால் மணி நேரம். காப்பித் தோட்டம் எப்படி இந்த மலைக்கு வந்தது, சேர்வராயன் கோயிலில் யாருடைய சாமி இருக்கிறது என்று கேட்டால் "சாப்பாட்டுக்கு லேட்டாகுது சார்" என்பதுதான் பதில். பலகை வைத்து, ரோடு போட்டு, ஏரியில் படகும் விட்ட இடத்துக்கு வழிகாட்டி எதற்கு? அந்தக் காசுக்கு நீங்கள் வாங்குவது டிரைவரின் வளைவுப் பழக்கம். மலையில் வண்டி ஓட்டிப் பழக்கமில்லாதவர்களுக்கு அது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஓட்டத் தெரிந்தவர்கள் சொந்த வண்டியில் ஏலகிரிக்குப் போய் வந்துவிடலாம்.

சொந்த வண்டி என்றால் தர்மபுரிக்காரர்களுக்கு வத்தல்மலையும் இருக்கிறது. காப்பி, மிளகு, சாமை, பால்சிலம்பு, பெரியூர் மாதிரி மலைக்கிராமங்கள். அரசுப் பேருந்து மேலே ஏறத் தொடங்கியதே சமீப ஆண்டுகளில்தான். பெரிய ஹோட்டல், பாயிண்ட் எதையும் எதிர்பார்க்காதவர்களுக்கு நல்ல மலை. ஏலகிரியின் வார இறுதிக் கூட்டத்தைப் பார்த்தவர்கள் இங்கே மூச்சு விடலாம்.

எனக்கு ஆதங்கம் வேறு இடத்தில். கைடு தேவையே இல்லாத மலைக்குக் கைடு கிடைக்கிறார், உண்மையில் தேவைப்படும் இடங்களுக்குத் தேடினாலும் ஆள் இல்லை. கிருஷ்ணகிரி நகரத்தின் தலைக்கு மேலேயே நிற்கும் கோட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 1791 நவம்பரில் மாக்ஸ்வெல் தலைமையில் வந்த கம்பெனிப் படை கீழே பேட்டைக்குள் நுழைந்துவிட்டது, மேல்கோட்டையைப் பிடிக்க முடியாமல் திரும்பியது. அந்தச் செங்குத்துப் பாறையில் வியர்க்க வியர்க்க ஏறுபவருக்கு இதை ஒருவர் சொன்னால், ஏறுவதன் ருசியே மாறிவிடும். இப்போது பிள்ளைகள் ஏறி செல்ஃபி எடுத்துவிட்டு இறங்குகிறார்கள். சூளகிரி பக்கத்து மல்லச்சந்திரம் இன்னும் மோசம். இறந்தவர்களுக்காக எழுப்பிய பெருங்கற்காலத்துக் கல்திட்டைகள் பாறைக்குன்றின் மேல் கூட்டமாக நிற்கின்றன. விஷயம் தெரியாமல் போனால் வெறும் பலகைக் கல் அடுக்கு. டிராவல்ஸ்காரர்கள் இந்த இரண்டையும் ஒரு நாளில் சேர்த்து, விவரம் தெரிந்த ஒரு சரித்திர வாத்தியாரையும் கூட அனுப்பினால், கொடுக்கும் பணம் நியாயம் என்பேன்.

வழிகாட்டி இல்லாமல் போகவே கூடாத மலையும் நம் மாவட்டத்தில் உண்டு. தேன்கனிக்கோட்டைக்கு அந்தப் பக்கம் அய்யூர், சாமி ஏரி, குத்திராயன் சிகரம் எல்லாம் யானைக்காடு. ராகி விளையும் பருவத்தில் தளி, ஜவளகிரி பக்கம் யானைகள் கூட்டமாக வருவது ஊருக்கே தெரியும். வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தின் 40 பாதைகளில் அய்யூர் - சாமி ஏரியும் குத்திராயனும் இருக்கின்றன. இணையத்தில் முன்பதிவு செய்துவிட்டுப் போக வேண்டும். கூட வருபவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர்கள். எந்தச் சாணம் நேற்றையது, எது இன்று காலையில் விழுந்தது என்று பார்த்துச் சொல்லக்கூடியவர்கள். இதற்குக் கொடுப்பது வீண் செலவே இல்லை. 2018 மார்ச்சில் தேனிப் பக்கம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்ததைப் பார்த்தபிறகு, அனுமதி இல்லாமல் காட்டுக்குள் கூட்டிப் போகிறேன் என்பவரை நம்பி யாரும் கிளம்பக் கூடாது. வெயிலில் காடு காய்ந்து தீப்பிடிக்கும் காலத்தில், பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை, மலையேற்றத்தை நிறுத்தி வைப்பதும் அதனால்தான். பாட்டிக்கும் கைக்குழந்தைக்கும் இது இல்லை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஒகேனக்கல் பூங்காவும் இல்லை, மலை டூரும் இல்லை. ஆனாலும் பேச்சில் கட்டாயம் வரும். அங்கே பரிசல் ஓட்டுபவர்தான் வழிகாட்டி, அவர் இல்லாமல் ஐந்தருவியின் அழகு பாதி. கபினியும் கே.ஆர்.எஸ்.ஸும் நிரம்பித் தண்ணீர் திறந்துவிடும் மாதங்களில் பரிசலும் குளியலும் நின்றுபோகும். கிளம்பும் அன்று காலை பேப்பரில் நீர்வரத்து எத்தனை கனஅடி என்று பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.

என்னைக் கேட்டால் மூன்று தலைமுறையும் சேர்ந்து கிளம்பும் குடும்பத்துக்கு டேம்தான், அதில் இரண்டு பேச்சு இல்லை. முழங்கால் வலிக்கும் ஒருவரும் டயப்பர் போட்ட ஒருவரும் உள்ள வேன், ஏற்காடு போய்த் திரும்புவதற்குள் சண்டை வரும். நடுத்தர வயதுத் தம்பதிக்கும் பெரிய பிள்ளைகளுக்கும் சொந்த வண்டியில் ஏலகிரி அல்லது வத்தல்மலை. கல்லூரிப் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்தால் வேனுக்குக் கொடுக்கும் பணத்தை வைத்து டிசம்பரிலோ ஜனவரியிலோ குத்திராயனுக்குப் பதிவு செய்யட்டும். மாம்பழக் காலத்தில் விருந்தாளி வந்தால் மலைப் பேச்சையே எடுக்காதீர்கள். டேம் ஒரு எட்டு, திரும்பும் வழியில் மண்டியில் இரண்டு கூடை, வந்தவர்கள் அதற்கே சந்தோஷமாக ஊர் போய்ச் சேர்வார்கள்.