ஸ்லீப்பிங் பேக் நனையாமல் இருக்க: ரெயின் கவரா, டிரை பேகா, பாலித்தீன் பையா?

முதுகுப்பையைச் சுமந்து நடந்து, கூடாரத்தில் தங்கும் பயணங்களில் ஸ்லீப்பிங் பேக்கை, அதாவது உள்ளே புகுந்து படுக்கும் மெத்தென்ற பையை, மழையிலிருந்து காக்க இந்த மூன்றையும் வைத்து நடந்திருக்கிறேன். முதலில் முதுகுப்பைக்கு மேலே மாட்டும் ரெயின் கவர். அப்புறம், வாயைச் சுருட்டிப் பூட்டும் டிரை பேக். கடந்த நான்கு வருடமாக, முதுகுப்பைக்குள்ளே விரித்துக்கொள்ளும் தடித்த பாலித்தீன் பை. என் சாய்வு இந்தக் கடைசிப் பக்கம்தான். விலை குறைவு என்பதால் மட்டும் இப்படிச் சொல்லவில்லை. காரணம் கீழே வருகிறது.

என் ஸ்லீப்பிங் பேக்கில் இருப்பது டவுன் எனப்படும் வாத்துத் தூவி. காய்ந்திருக்கும்போது தூவிகள் உப்பி, நடுநடுவே காற்றைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. உடம்புச் சூட்டை வெளியே விடாமல் தடுப்பது அந்தக் காற்றுதான். நனைந்துவிட்டால் தூவி உருண்டை உருண்டையாக ஒட்டிக்கொண்டு ஒரு மூலைக்கு ஒதுங்கிவிடும். மீதி இடத்தில் இரண்டு அடுக்குத் துணிதான் மிஞ்சும். சிந்தெட்டிக் இழை நனைந்தாலும் கொஞ்சம் உப்பல் மிச்சமிருக்கும், சீக்கிரமும் காயும். அது வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலையில் பாதிகூட இருக்காது. தொடர்மழையில் கூடாரத்துக்குள் ஒரு டவுன் பேக்கைக் காயவைப்பது ஆகிற காரியம் இல்லை.

ரெயின் கவரைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. நம் முதுகோடு ஒட்டியிருக்கும் பக்கத்தை அது மூடுவதே இல்லை. கழுத்தில் வழியும் தண்ணீர் அந்த இடுக்கில் இறங்கி, தோள்வாரிலும் முதுகுப் பஞ்சிலும் ஊறி, தையல் வழியாக உள்ளே போகிறது. உள்ளே போனது அடியில் தேங்குகிறது. பெரும்பாலோர் ஸ்லீப்பிங் பேக்கை வைப்பதும் அந்த அடியில்தான். காற்று பலமாக அடித்தால் கவர் உப்பிக் கழன்றும் போகும். முதுகுப்பையே ஊறி எடை கூடாமல் இருக்கட்டும் என்று தூறலுக்கு நான் இன்னும் மாட்டுகிறேன், அவ்வளவுதான். உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் நடுவில்.

டிரை பேகின் நல்ல குணங்களை மறைக்க மாட்டேன். வாயை மூன்று முறை இறுக்கிச் சுருட்டி பக்கிளைப் போட்டால் வேலை முடிந்தது. கொட்டும் மழையில் கூடாரம் போட்டவுடன் அதை அப்படியே தூக்கி உள்ளே எறியலாம். கைதவறிச் சேற்றில் விழுந்தாலும் பயமில்லை. மூன்று வருடம் அதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பினேன்.

அந்த மூன்றாவது வருடம் ஒரு பயணத்தில் இரண்டு நாள் விடாத மழை. இரண்டாம் நாள் மாலை கூடாரத்துக்குள் உட்கார்ந்து டிரை பேகைத் திறந்தேன். வாய் ஒழுங்காகச் சுருட்டியிருந்தது, பக்கிள் போட்டபடி இருந்தது, வெளியே ஒரு கீறல்கூட இல்லை. கையை விட்டு ஸ்லீப்பிங் பேக்கை இழுத்தால் கால் பக்கம் சில்லென்று இருந்தது. விரல்களுக்கு நடுவே பிடித்தபோது ஈர உருண்டைகள் துணிக்குள் நழுவி ஓடின. கையிலிருந்த உடை எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு, முழங்காலை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு விடியும்வரை கிடந்தேன்.

திரும்பி வந்ததும் முதல் வேலையாக அந்த டிரை பேகை உள்புறம் வெளியே வரும்படி திருப்பினேன். விளக்குக்கு முன்னே பிடித்துப் பார்த்தால் ஓட்டையே இல்லை. ஆனால் உள்பக்கம் பிசுபிசுவென்று இருந்தது, புளித்த வாடை வேறு. கட்டைவிரலால் தேய்த்தபோது வெயிலில் கருகிய முதுகுத் தோல்போல மெல்லிய ஏடாக உரிந்து வந்தது. அடிப்பக்கத்தில் வெறும் நைலான் துணிதான் மீதி இருந்தது.

பெரும்பாலான டிரை பேக்குகளில் தண்ணீரைத் தடுப்பது துணி கிடையாது. அதன் உள்பக்கம் பூசியிருக்கும் பாலியூரித்தேன் பூச்சு. ஈரமும் சூடும் சேர்ந்தால் அந்தப் பூச்சின் மூலக்கூறுகள் மெல்ல மெல்ல உடைகின்றன. ஹைட்ராலிசிஸ் என்று இதைச் சொல்வார்கள். பயன்படுத்தும்போதுதான் தேயும் என்றில்லை. ஈரத்தோடு மடித்து அலமாரியில் வைத்தாலும் அது பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கும். நான் செய்ததும் அதைத்தான்: ஒவ்வொரு பயணம் முடிந்ததும் மேலோட்டமாகத் துடைத்து, சுருட்டி, உள்ளே போட்டுவிடுவேன். சிலிக்கான் பூச்சு இப்படிக் கெடாது. ஆனால் தையலை மூடும் டேப் சிலிக்கானில் ஒட்டாது என்பதால், பல பைகளில் வெளியே சிலிக்கானும் உள்ளே பாலியூரித்தேனும் பூசுகிறார்கள். ஆகவே சிக்கல் அங்கேயும் உண்டு. டிரை பேகோடு வரும் விவரச் சீட்டில் இத்தனை மில்லிமீட்டர் என்று போட்டிருப்பது, எத்தனை மில்லிமீட்டர் உயரத் தண்ணீர்த் தூணின் அழுத்தத்தைத் துணி தாங்கும் என்ற கணக்கு. புதுத் துணிக்கு எடுத்த அளவு அது. மூன்று வருடம் மடிந்து உரசிய துணியைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்வதில்லை.

எனக்கு எல்லாவற்றையும் முடிவு செய்தது இந்த ஒரு விஷயம்தான். கெட்டுப்போனதை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா? பாலித்தீன் பையில் பூச்சு என்று ஒன்று கிடையாது. பையின் முழுத் தடிமனும் தடுப்புதான். அது கெடுவதென்றால் ஓட்டை விழ வேண்டும், இல்லை கிழிய வேண்டும். கிளம்புவதற்கு முந்தைய இரவு பையை உதறி, காற்றைப் பிடித்து, வாயை முறுக்கிக் கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்து அழுத்துவேன். ஊசிமுனை ஓட்டை என்றாலும் கன்னத்தில் காற்று படும். டேப் ஒட்டினால் சரியாகிவிடும். சந்தேகமாக இருந்தால் புதிதாக ஒன்றை எடுத்துக்கொள்வேன். டிரை பேகையும் சோதிக்கலாம்: கால்வாசி தண்ணீர் ஊற்றி இரவு முழுக்கத் தொங்கவிட்டு, வெளியே கசிகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு தையல் மடிப்பு வரை முழுக்கக் காயவைக்க வேண்டும், இல்லையென்றால் சோதனையே அதைக் கெடுக்கும். ஒவ்வொரு பயணத்துக்கு முன்னாலும் இதை யார் செய்யப்போகிறார்கள்? நான் செய்யவில்லை.

பை எப்படி இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சாதாரணக் குப்பைப் பை வேண்டாம், முதல் நாளே கிழியும். குறைந்தது 50 மைக்ரான் தடிமன் பார்த்து வாங்குங்கள். வாசனை போட்டது வேண்டாம், அந்த நெடி தூவியில் ஏறினால் போகாது. வெள்ளை நிறமாக இருந்தால் உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியும். முதுகுப்பையின் உயரத்தைவிட மூன்றில் ஒரு பங்காவது நீளம் கூடுதலாக இருக்க வேண்டும், அப்போதுதான் வாயை முறுக்க முடியும்.

ஸ்லீப்பிங் பேக்கை அதன் சின்ன உறையில் திணிக்காமல், அப்படியே அடியில் அமுக்கிவிடுகிறேன். மூலை முடுக்கெல்லாம் நிரம்பிவிடும், தூவியும் அளவுக்கு மீறி நசுங்காது. அதன் மேலே மாற்றுடை. அப்புறம் முதுகுப்பையை இரண்டு கையாலும் அணைத்து, மார்பால் அழுத்திக் காற்றை வெளியேற்ற வேண்டும். இந்த இடத்தில் அவசரப்பட்டால் உள்ளே ஒரு பலூன் மாட்டிக்கொள்ளும். காற்று போனதும் வாயைக் கயிறுபோல முறுக்கி, இரண்டாக மடக்கி ரப்பர் பேண்ட் போடுகிறேன். கூடார முளைகள், அடுப்பு, ஈரமான கூடாரத் துணி எல்லாம் பைக்கு வெளியேதான். முளை ஒன்று உள்ளே போனாலும் கதை முடிந்தது.

குறைகளும் உண்டு. மழையில் உடை எடுக்க வாயைத் திறந்தால் எல்லாமே திறந்துகொள்ளும். அடியில் இருப்பதால் ஸ்லீப்பிங் பேக் தப்பிக்கிறது, மேலே இருப்பது நனையலாம். எவ்வளவு கவனமாக வைத்திருந்தாலும் எனக்கு ஒரு பை ஒரு பருவம்தான் தாங்குகிறது. அதனால் பிளாஸ்டிக் குப்பை சேர்கிறது. இது எனக்கு உறுத்துகிற விஷயம், இதற்கு நல்ல பதில் என்னிடம் இல்லை.

இன்னொரு ஈரம் இருக்கிறது. இரவு முழுக்க நம் உடம்பிலிருந்து வெளியேறும் ஆவி ஸ்லீப்பிங் பேக்கில்தான் ஏறுகிறது. குளிருக்கு முகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு மூச்சு விட்டால் இன்னும் மோசம். காலையில் அந்த ஈரத்தோடு டிரை பேகில் அடைத்தாலும் பாலித்தீனில் அடைத்தாலும் பலன் ஒன்றுதான், ஆவி வெளியே போக வழியில்லை. எழுந்தவுடன் உள்புறம் வெளியே வரும்படி திருப்பி, கிளம்பும் வேலை முடியும்வரை விரித்து வைக்கிறேன். மழைக் காலை என்றால் அது நடக்காது. மதியம் கொஞ்சம் வெயில் எட்டிப் பார்த்தால் நடையை நிறுத்திவிட்டு ஒரு பாறைமேல் விரித்துவிடுவேன். கூடாரத்தின் கால்மாட்டுச் சுவரில் பேக் உரசாமல் படுப்பதும் முக்கியம். சுவரில் பூக்கும் நீர்த்துளி அங்கிருந்துதான் தொற்றிக்கொள்ளும்.

நான் சொன்னதெல்லாம் முதுகில் சுமந்து நடப்பவர்களுக்கு. மோட்டார் பைக்கின் பின்னால் ஸ்லீப்பிங் பேக்கைத் தனியாகக் கட்டிக்கொண்டு போகிறவர்களுக்குப் பாலித்தீன் உதவாது, கயிறு அழுத்தும் இடத்திலேயே கிழிந்துவிடும். அங்கே தடித்த பிவிசி டிரை பேக்தான் சரி. படகிலும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். ஆனால் ஸ்லீப்பிங் பேக்கோடு ஆற்றில் போனது ஒரே ஒரு தடவை, அதுவும் அமைதியான தண்ணீரில், படகு கவிழவும் இல்லை. அன்று டிரை பேகுக்குள் பாலித்தீன் பையையும் போட்டுத்தான் கொண்டுபோனேன். இரண்டில் எது காப்பாற்றியது என்று சொல்ல முடியாது.