சொந்தமாகக் கம்பைல் செய்த கெர்னலா, டெபியன் தரும் கெர்னலா?

தென் ஆப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் நடக்கும் எங்கள் வார இறுதித் தமிழ் வகுப்பின் கணினி அறைக்கு, அலுவலகங்கள் கழித்துக் கட்டிய பழைய கணினிகளே வாய்த்தன. அவற்றில் டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவுவதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அதன் மையப் பகுதியான கெர்னலை டெபியன் தருகிறபடியே வைத்துக்கொள்வதா, லினக்ஸ் கெர்னல் வெளியாகும் கெர்னல்.ஆர்க் தளத்திலிருந்து மூலநிரலை இறக்கி நாமே கம்பைல் செய்துகொள்வதா (இயங்கும் வடிவத்துக்கு மாற்றிக்கொள்வதா) என்பதில்தான் பேச்சு நீண்டது. என் மடிக்கணினியில் இரண்டாவது வழியையே பின்பற்றி வருகிறேன் என்றாலும், வகுப்பறைக்கு முதல் வழியையே தேர்ந்தெடுத்தேன்.

சொந்தக் கெர்னலால் வேகம் கூடுமா என்பதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. டெபியன் கெர்னலில் பெரும்பாலான டிரைவர்கள், வேண்டும்போது மட்டும் ஏற்றப்படும் மாட்யூல்களாக இருப்பதால், தேவைப்படாதவை நினைவகத்தில் ஏறுவதே இல்லை. தட்டச்சு செய்து இணையம் பார்க்கும் மாணவருக்கு எந்த வேறுபாடும் தெரியப்போவதில்லை.

கம்பைல் செய்வதும் பலர் அஞ்சுகிற அளவுக்குக் கடினமன்று. பூட் அடைவில் உள்ள, கெர்னலின் அமைப்புத் தேர்வுகள் அடங்கிய கான்ஃபிக் கோப்பை மூலநிரல் அடைவுக்குள் நகலெடுத்து, 'மேக் ஓல்ட்டெஃப்கான்ஃபிக்' கொடுத்து, பிறகு 'மேக் பின்டெப்-பிகேஜி' கொடுத்தால் நிறுவத் தயாரான டெப் பொதிகளே (டெபியனின் நிறுவல் கோப்புகள்) கைக்கு வந்துவிடும். கான்ஃபிக் கோப்பில் 'சிஸ்டம் டிரஸ்டட் கீஸ்' என்ற வரி டெபியனின் சான்றிதழ்க் கோப்பைச் சுட்டுகிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தக் கோப்பு கெர்னல்.ஆர்க் மூலநிரலில் இல்லாததால், மேற்கோள் குறிகளுக்குள் இருப்பதை அழிக்காவிட்டால் வேலை பாதியில் நின்றுவிடும். பிழைநீக்கத் தகவல்களையும் அணைத்துவிடுவது நல்லது, இல்லையேல் வட்டில் 20 ஜிபி வரைகூட இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

பழைய இரட்டைக் கருச் செயலியில் எல்லா மாட்யூல்களையும் கம்பைல் செய்யப் பல மணி நேரம் ஆகும். மின்வெட்டு உச்சத்தில் இருந்த 2023ஆம் ஆண்டில் யூபிஎஸ் இல்லாத மேசைக் கணினியில் இந்த வேலையைத் தொடங்குவதற்கே தனித் துணிச்சல் வேண்டியிருந்தது. 'மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்' கட்டளை அந்த நேரத்தை வெகுவாகக் குறைக்கும். ஆனால் அது அந்தக் கணத்தில் ஏறியிருக்கும் மாட்யூல்களை மட்டுமே கணக்கில் கொள்ளும். பிரிண்டரையும், எக்ஸ்ஃபேட் பென் டிரைவையும், இணையப் பகிர்வுக்கான கைபேசியையும் முன்கூட்டியே செருகி வைக்காவிட்டால், பின்னர் ஒரு சனிக்கிழமை ஆசிரியர் பென் டிரைவைச் செருகும்போது அது திறக்காது.

ஆயினும் இவையெல்லாம் ஒருமுறைத் தொல்லைகள். உண்மையில் முடிவைத் தீர்மானிப்பது, நிறுவிய பிறகு அந்தக் கெர்னலைப் பார்த்துக்கொள்வது யார் என்பதுதான். 2022 மார்ச்சில் வெளிவந்த டர்ட்டி பைப் என்ற கெர்னல் பாதுகாப்பு வழு, படிக்க மட்டுமே அனுமதியுள்ள கோப்பிலும் சாதாரணப் பயனர் ஒருவர் எழுதி, ரூட் எனப்படும் முழு நிர்வாக அதிகாரத்தைக் கைப்பற்ற இடம் தந்தது. பல மாணவர்கள் மாறி மாறி அமரும் கணினிக்கு இதைவிட நேரடியான ஆபத்து இல்லை. டெபியன் 11 வைத்திருந்தவர்களுக்கு அதன் திருத்தம் வழக்கமான பாதுகாப்புக் களஞ்சியம் வழியாகவே வந்து சேர்ந்தது. சொந்தக் கெர்னல் வைத்திருந்தவரோ செய்தியைத் தாமே அறிந்து, புதிய மூலநிரலை இறக்கி, மீண்டும் கம்பைல் செய்து, ஒவ்வொரு கணினியிலும் நிறுவியிருக்க வேண்டும். கெர்னல்.ஆர்க்கின் நிலைத்த வரிசைகளில் ஏறக்குறைய வாரந்தோறும் ஒரு வெளியீடு வருகிறது. 2024 பிப்ரவரியிலிருந்து கெர்னல் குழுவே தன் வழுக்களுக்கு சிவிஇ எண்களை (பாதுகாப்பு வழுக்களுக்கான பொது அடையாள எண்களை) வழங்கத் தொடங்கியதால் பட்டியலும் மிக நீண்டுவிட்டது. அதில் நமக்குப் பொருந்துவதைப் பொறுக்கியெடுப்பது பகுதிநேர வேலையே ஆகிவிடும்.

டெபியன் கெர்னலில், புதுப்பிப்புகளைத் தானாக நிறுவும் அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் என்ற நிரல் இந்த வேலையைத் தானே செய்கிறது. எங்கள் அறையில் சனிக்கிழமை இறங்கும் புதிய கெர்னல், மாலையில் கணினியை அணைத்து மறுநாள் போடும்போது தானாகவே நடப்புக்கு வந்துவிடுகிறது. யாரும் கட்டளை எதையும் அடிப்பதில்லை. அது கையொப்பமிடப்பட்டிருப்பதால் கையொப்பமில்லாத கெர்னலைத் தொடங்க விடாத செக்யூர் பூட்டையும் அணைக்க வேண்டியதில்லை, சொந்தக் கெர்னலுக்கோ நாமே சாவி உருவாக்கிப் பதிவு செய்ய வேண்டும். நாளை நான் வேலை மாறி கேப் டவுனுக்குப் போனாலும், பொறுப்பேற்கும் தமிழாசிரியரிடம் கெர்னலைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லிவிட்டுப் போக வேண்டியிருக்காது. என்னைப் பொறுத்தவரை மற்ற எல்லாக் காரணங்களையும்விட இதற்கே எடை அதிகம்.

கம்பைல் செய்தே ஆக வேண்டிய இடங்களும் உண்டு. இன்னும் சேர்க்கப்படாத ஒரு திருத்தம் தேவைப்படும்போதும், முன்பு ஓடிய கருவி புதிய பதிப்பில் முரண்டு பிடித்து, எந்த மாற்றம் அதைக் கெடுத்தது என்று 'கிட் பைசெக்ட்' கொண்டு தேடும்போதும் வேறு வழியில்லை. என் மடிக்கணினியில் நான் தொடர்வது பெரும்பாலும் கற்கும் ஆசையால்தான். அங்கே ஏதாவது கெட்டால் அவதிப்படுவது நான் ஒருவனே, அப்போதும் கணினி தொடங்கும்போது வரும் கிரப் பட்டியலில் பழைய டெபியன் கெர்னல் காத்திருக்கிறது. என்விடியா வரைகலை அட்டையுள்ள கணினிகளில் எனக்குப் போதிய பழக்கம் இல்லை, ஆகவே அவற்றுக்கு இந்த முடிவை அப்படியே பொருத்த மாட்டேன்.

புதிய வைஃபை அட்டைக்காக மட்டும் புதிய கெர்னல் வேண்டுமென்றால், கம்பைல் செய்வதற்கு முன், நிலைத்த டெபியனுக்குப் புதிய பதிப்புகளைத் தரும் பேக்போர்ட்ஸ் களஞ்சியத்தைப் பார்க்கலாம். டெபியன் 12க்குக் கெர்னலின் 6.12 பதிப்பு அங்கேயே கிடைக்கிறது. ஆனால் அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸின் இயல்பு அமைப்பு பேக்போர்ட்ஸைத் தொடுவதில்லை என்பதால், அந்தக் களஞ்சியத்தையும் அதன் அமைப்புக் கோப்பில் கையால் சேர்த்துவிட வேண்டும்.