ஒன்பது வருட ஈ.எஸ்.ஐ. அட்டை, ஒரு கடைவாய்ப் பல், கணக்கில்லாத ஜெராக்ஸ்

போன வாரம் யார்டில் என்னோடு வேலை பார்க்கும் தம்பி ஒருவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றான். வண்ணாரப்பேட்டையில் ஒரு கிளினிக்கில் ரூட் கேனலுக்கும் (பல்லின் வேரைச் சுத்தம் செய்து அடைப்பது) கேப்புக்கும் (பல்லுக்கு மேல் மாட்டும் உறை) சேர்த்து 9,000 ரூபாய் சொல்லியிருக்கிறார்கள். "ண்ணா, நம்ம ஈ.எஸ்.ஐ.ல பல்லு பாப்பாங்களா? இல்ல புடுங்கி கையில குடுத்துடுவாங்களா?" என்றான். டீ ஆறிப்போகும் வரை பேசியும் பதில் முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் கேட் கிளார்க் வேலை. வீடு தண்டையார்பேட்டை. 2016இல் சேர்ந்தபோது சம்பளம் 11,000, ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசு காப்பீடு) பிடித்தம் 1.75 சதவீதம், அதாவது 193 ரூபாய். 2019 ஜூலையில் தொழிலாளி பங்கை 0.75 ஆகக் குறைத்தார்கள், முதலாளி பங்கு 3.25. போன மே மாதம் 20,400 வாங்கியபோது என்னிடம் பிடித்தது 153 ரூபாய். சம்பளம் ஏறி, பிடித்தம் இறங்கிய ஒரே இடம் என் வாழ்க்கையில் இதுதான். இந்தக் காசுக்கு நான், மனைவி, பையன், அம்மா நாலு பேருக்கும் வைத்தியம். அம்மாவுக்கு வேறு வருமானம் கிடையாது, அதனால் அட்டையில் சேர்த்துக்கொண்டார்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். எங்கள் தெருவில் பாதிப் பேர் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொண்டு பல்லுக்குப் போய்த் திரும்பி வருகிறார்கள். அது குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை, ஆஸ்பத்திரியில் சேர்ந்து செய்துகொள்ளும் பெரிய சிகிச்சைகளுக்கானது. சொத்தைப் பல்லை அடைப்பதற்கு அது உதவாது. எந்த அட்டையும் இல்லாதவர்கள் கோட்டை ரயில் நிலையத்துப் பக்கம் இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கே நேராகப் போகலாம். 1953இல் தொடங்கியது. மாணவர்கள் பார்ப்பார்கள், பக்கத்தில் பெரிய டாக்டர் நிற்பார். நேரம் ஆகும், அவ்வளவுதான். நான் சொல்ல வந்தது ஈ.எஸ்.ஐ. கதை.

கீழ் வரிசையில் வலது பக்கக் கடைவாய்ப் பல். ஆறு வயதில் முளைக்கிற முதல் நிலையான கடைவாய்ப் பல் இதுதான் என்று பின்னால் டாக்டர் சொன்னார். பால் பல்தானே, விழுந்து முளைக்கும் என்று எல்லா வீட்டிலும் இதைத்தான் கோட்டை விடுகிறார்களாம். எங்கள் வீட்டிலும் விட்டிருக்கிறார்கள். முப்பத்தைந்து வயதில் ஒரு ராத்திரி அது கணக்குக் கேட்டது. கிராம்பு வைத்தேன், உப்புத் தண்ணீர் கொப்பளித்தேன், மூன்று மணிக்கு மொட்டை மாடியில் நடந்தேன். "கீழ்ப் பல்லைப் புடுங்காதடா, கண்ணு போயிடும்" என்று அம்மா வேறு பின்னாலேயே வந்தாள்.

காலையில் ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரி. பல் டாக்டர் வருவது வாரத்தில் இரண்டு நாள், அன்று அவர் வரும் நாள். அதிர்ஷ்டம் என்று நினைத்தேன்.

"ஜெராக்ஸ் எங்க?"

இந்த இரண்டு வார்த்தைதான் இந்த ஒன்பது வருட அனுபவத்தின் சாரம். இன்ஷூரன்ஸ் எண்ணைத் தட்டினால் என் பெயர், கம்பெனி பெயர், அம்மா வயது உட்பட எல்லாம் திரையில் வருகிறது. நானே எட்டிப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் அட்டை ஒரு ஜெராக்ஸ், ஆதார் ஒரு ஜெராக்ஸ், யாருக்கு வைத்தியமோ அவருடைய ஆதார் ஒரு ஜெராக்ஸ். போன வாரம் கொடுத்தது செல்லாது. நேற்றுக் கொடுத்ததும் செல்லாது. கவுன்ட்டர் எட்டு மணிக்குத் திறக்கும். எதிர்ப்பக்க ஜெராக்ஸ் கடை ஒன்பதரைக்குத்தான் ஷட்டரைத் தூக்கும். பல் டாக்டருக்கு டோக்கன் முப்பது. ஒன்பதரைக்கு ஜெராக்ஸ் எடுத்து வந்தால் உங்கள் எண் முப்பத்து நாலு. வீங்கிய கன்னத்தோடு நடுரோட்டில் நின்று, திறக்காத ஷட்டரைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த ஒன்றரை மணி நேரத்தை நான் யாருக்கும் மன்னிப்பதாக இல்லை.

அன்று யாரோ ஒரு புண்ணியவான் விட்டுக்கொடுத்ததால் டோக்கன் கிடைத்தது. கையளவு துண்டுச் சீட்டு, பேனாவால் 27 என்று எழுதியிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து சும்மா திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் ஒரு அம்மாவின் பாதி முகம். நெற்றியில் பொட்டு, மூக்குத்தி வரை இருக்கிறது, அதற்குக் கீழே கத்தரித்திருக்கிறார்கள். ஆதார் ஜெராக்ஸ்! நாங்கள் கொடுக்கிற ஜெராக்ஸையெல்லாம் சணலில் கட்டி வைத்து, பிறகு நாலாக வெட்டி டோக்கன் எழுதுகிறார்கள். அதாவது நான் காசு கொடுத்து ஜெராக்ஸ் எடுப்பது அவர்களுக்கு டோக்கன் தாள் சப்ளை செய்வதற்கு. அன்றிலிருந்து எந்த டோக்கன் வாங்கினாலும் திருப்பி என் முகம் இருக்கிறதா என்று பார்க்கிறேன். இதுவரை கிடைக்கவில்லை. யாரோ ஒருவர் என் தாடையை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருப்பார்.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். என் வேலை என்ன? கேட்டில் நின்று லாரி டிரைவரிடம் லைசென்ஸ் ஜெராக்ஸ், ஆர்.சி. ஜெராக்ஸ் வாங்குவது. எண்ணூர் பக்கம் ராத்திரி முழுக்க வரிசையில் நின்று வந்த ஒரு தூத்துக்குடி டிரைவர், "போன டிரிப்புக்குக் குடுத்தது என்னாச்சு சார்?" என்று கேட்டார். "அது போன டிரிப்புக்கு" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் அந்த டிஸ்பென்சரி குரல் என் வாயிலிருந்து வந்தது எனக்கே கேட்டது. இருக்கட்டும். நான் கேட்பது கம்பெனி ரூல். அவர்கள் கேட்பது அராஜகம்.

கவுன்ட்டரைத் தாண்டிவிட்டால் வேறு உலகம். பல் டாக்டரம்மா வலிக்கிற பல்லை மட்டும் பார்க்கவில்லை. நாக்கைத் தூக்கச் சொன்னார், கன்னத்தின் உட்பக்கத்தை டார்ச் அடித்துப் பார்த்தார். "மாவா போடறீங்களா?" என்று புகையிலைப் பாக்கைக் கேட்டார். இல்லை என்றேன். "யார்டுல வேலை, மாவா இல்லையா?" என்று நம்பாமல் இன்னொரு முறை பார்த்தார். எனக்கு முன்னால் இருந்த பையனை அதற்காகப் பத்து நிமிடம் வாங்கு வாங்கென்று வாங்கியது கதவுக்கு வெளியே வரை கேட்டிருந்தது. பிறகு, "புடுங்கறது அஞ்சு நிமிஷ வேலை. ஆனா இது காப்பாத்தற பல்லு" என்று ஈ.எஸ்.ஐ. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். இந்த ஊரில் பல்லைப் பற்றி யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. எங்கள் அப்பா ஐம்பதுக்குள் பாதிப் பல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போனவர்.

பெரிய ஆஸ்பத்திரியில் ரூட் கேனலுக்கு நாலு தடவை போனேன். முதல் நாள் மரத்துப்போக ஊசி, அதுதான் வலித்தது. அப்புறம் குண்டூசி போல நெளிகிற கம்பிகளை விட்டுச் சுரண்டிச் சுரண்டி எடுத்தார்கள். சின்ன எக்ஸ்ரே பிலிமை என் விரலாலேயே பல்லோடு அழுத்திப் பிடிக்கச் சொன்னார்கள். மருந்து வைத்து அடைத்ததும் வாயெல்லாம் கிராம்பு வாசனை. மூன்று நாள் பிரியாணியிலும் அதே வாசனை. இரண்டாவது தடவை மின்சாரம் நின்றது. டாக்டர் வாய்க்குள் கையை வைத்தபடியே, "பேசாதீங்க, வந்துடும்" என்றார். என்ன பேசுவது? செலவு: பூஜ்யம். அந்தப் பல் இன்றைக்கும் முறுக்கு கடிக்கிறது.

ஆனால் கேப் அங்கே போடவில்லை, வெளியில் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். ரூட் கேனல் செய்த கடைவாய்ப் பல் ஏற்கெனவே பாதி குடைந்த பல். கேப் இல்லாமல் விட்டால் என்றைக்காவது மெல்லும்போது இரண்டாகப் பிளக்கலாம். நான் எட்டு மாதம் தள்ளிப்போட்டேன். ஒரு ஓரம் உடைந்த பிறகுதான் பயம் வந்து, தனியாரில் 3,500 கொடுத்துப் போட்டேன். ஈ.எஸ்.ஐ.யில் பல் பார்க்கப் போகிறவர்கள் இந்தக் காசை முதல் நாளே தனியாக எடுத்து வைத்துவிடுவது நல்லது.

அம்மா விஷயத்தைச் சொல்லாவிட்டால் எனக்கே உறுத்தும். அவளுக்கு இரண்டு பல் உடைந்து வேர் மட்டும் நின்றது. பக்கத்துக் கிளினிக்கில் உடனே எடுத்துவிடலாம் என்றார்கள். டிஸ்பென்சரி டாக்டரம்மா முதலில் சர்க்கரை பார்க்கச் சொன்னார். அதே கட்டடத்தில் ரத்தம் எடுத்தார்கள். 280. அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. பக்கத்து அறைப் பொது டாக்டரிடம் அனுப்பி, மாத்திரை கொடுத்து, சில வாரம் கழித்து அளவு இறங்கிய பிறகுதான் வேரை எடுத்தார்கள். பஞ்சைக் கடித்துக்கொண்டு, துப்பாமல், ஒரு வார்த்தை பேசாமல் அம்மா ஷேர் ஆட்டோவில் வந்தது எங்கள் குடும்ப வரலாற்றில் அதுவே முதலும் கடைசியும். கண் நன்றாகத்தான் தெரிகிறது. மறுநாளே என் சட்டைக் காலரில் அழுக்கு என்று கண்டுபிடித்தாள்.

இலவசம் இலவசம் என்கிறார்களே, கணக்கைப் பார்க்கலாம். என் ஒரு நாள் சம்பளம் இன்றைய கணக்குக்கு 830 ரூபாய். ரூட் கேனலுக்கு நாலு அரை நாள், அதற்கு முன் டிஸ்பென்சரிக்கு ஒரு முழு நாள். எல்லாம் சம்பளமில்லா லீவு என்று வைத்துக்கொண்டால் 2,500 ஓடிவிடும். ஆட்டோ, டீ, ஜெராக்ஸ் தனி. தனியாரில் சாயங்காலம் ஏழு மணிக்கு, வேலை முடிந்து போகலாம். மாதச் சம்பளக்காரனுக்கே இப்படி என்றால், ஒரு நாள் வராவிட்டால் ஆளை மாற்றிவிடுகிற கான்ட்ராக்ட் பையன்கள் பிடுங்கிப் போட்டுவிட்டு வருவதில் ஆச்சரியமே இல்லை.

இப்போது என் கோபத்துக்கு உண்மையான காரணத்துக்கு வருகிறேன். ஜூனில் எனக்குச் சம்பளம் 21,600 ஆனது. ஈ.எஸ்.ஐ. வரம்பு 21,000, 2017 ஜனவரியிலிருந்து அதேதான். ஏற்றப்போகிறார்கள் என்று பேச்சு மட்டும் வருகிறது. ஏப்ரலில் இன்கிரிமென்ட் போட்டிருந்தால் அன்றே பிடித்தம் நின்றிருக்கும். ஆறு மாதக் கணக்கின் நடுவில் ஏறியதால் செப்டம்பர் வரை பிடித்தம் ஓடியது, அந்தக் கணக்கில் அடுத்த ஜூன் முடிய அட்டை செல்லும் என்று எங்கள் அக்கவுண்ட்ஸ் அண்ணன் சொன்னார். அப்புறம் கம்பெனி குரூப் இன்ஷூரன்ஸ். பாலிசித் தாளை வாங்கிப் படித்தேன். விபத்தில் அடிபட்டால் தவிர பல்லுக்கு ஒன்றும் கிடையாது. வரம்பைத் தாண்டிய வெறும் 600 ரூபாய்க்கு நாலு பேர் வாயையும் விற்றுவிட்டேன். இன்கிரிமென்ட் வேண்டாம் என்று யாராவது எழுதிக் கொடுப்பார்களா? நான் யோசித்தேன். மனைவியிடம் சொன்னபோது அவள் பார்த்த பார்வையில் அதை விட்டுவிட்டேன்.

ஐந்துக்கு எத்தனை மார்க் என்றால், இன்றைக்கு இரண்டுதான் கொடுப்பேன். காலையில்தான் பையனுக்காகப் போய், அவன் ஆதார் ஜெராக்ஸில் முகம் கறுப்பாக இருக்கிறது, வேறு எடுத்து வா என்று திருப்பி அனுப்பப்பட்டு வந்திருக்கிறேன். அவன் முகம் நிஜத்திலும் கறுப்புதான், என் பிள்ளை. கன்னம் வீங்காமல் இருந்தால் ஒருவேளை நாலு கொடுத்திருப்பேன் என்று மனைவி சொல்கிறாள். இன்றைக்கு என் கன்னம் வீங்கவும் இல்லை, வெறும் கோபம்தான்.

அந்தத் தம்பியிடம் சொன்னது இது: தனியார் கிளினிக் சீட்டைக் கிழித்துப் போடு. வெள்ளிக்கிழமை நானும் என் பையனுடைய ஆறு வயதுப் பல்லைக் காட்டப் போகிறேன், சொத்தை விழுவதற்கு முன்பே. ஏழே காலுக்கெல்லாம் டிஸ்பென்சரி கேட்டில் நில். அட்டை ஒன்று, ஆதார் ஒன்று, முகம் வெளுப்பாகத் தெரிகிற மாதிரி. ஷட்டர் ஒன்பதரைக்குத்தான் திறக்கும், அதனால் வியாழக்கிழமை ராத்திரியே எடுத்து வை.