வீட்டுக்கு நட்சத்திரம்: பில்லைப் பார்த்தா, மச்சைப் பார்த்தா?

ஃப்ரிட்ஜ் வாங்கும்போது நட்சத்திரத்தை எண்ணிப் பார்க்கிறவர்கள், வீடு வாங்கும்போது வாஸ்துவோடு நின்றுவிடுகிறார்கள். கட்டடங்களுக்கும் மத்திய எரிசக்தி திறன் பணியகத்தின் நட்சத்திர லேபிள் உண்டு. அதில் இரண்டு வழிகள். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் யோசிப்பவை.

முதலாவது, வணிகக் கட்டடங்களுக்கு 2009இல் வந்தது. ஓர் ஆண்டில் செலவான யூனிட்டைக் கட்டடப் பரப்பால் வகுப்பார்கள். நெல்லை வண்ணார்பேட்டையில் 1,000 சதுர மீட்டர் அலுவலகம் ஒன்று, பாதிக்கு மேல் ஏ.சி., ஆண்டுக்கு 1,40,000 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். சதுர மீட்டருக்கு 140. நெல்லை அடங்கும் வெப்ப ஈரப்பத மண்டலத்துக்குத் தொடக்கத்தில் வந்த அட்டவணைப்படி மூன்று நட்சத்திரம். 100க்குக் கீழே போனால் ஐந்து. நடந்த செலவை மீட்டரே சொல்லிவிடுவதால் வரைபடத்தில் அழகு காட்டி ஏமாற்ற முடியாது. ஆனால் கூரையில் சூரியத் தகடு போட்டால் அந்த மின்சாரம் செலவுக் கணக்கில் சேராது. அதனால் கொதிக்கிற கட்டடமும் நல்ல பெயர் வாங்கலாம். பாதி இருக்கைகள் காலியாகக் கிடந்தாலும் நட்சத்திரம் கூடும்.

இதே அளவுகோலை வீட்டுக்கு வைத்தால் வேடிக்கையாகிவிடும். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால், மின்விசிறியோடு காலம் தள்ளுகிற குடும்பத்தின் பில் சொற்பம். உடனே ஐந்து நட்சத்திரம் கொடுத்துவிடலாம், மே மாதப் பாளையங்கோட்டையில் அவர்கள் வெந்துகொண்டிருந்தாலும். கூடங்குளத்தில் அணுமின் நிலையம், ராதாபுரம் பக்கம் காற்றாலைகள் என்ற மாவட்டப் பெருமையெல்லாம் மதியம் இரண்டு மணிக்கு மாடி அறையில் உதவாது.

அதனால்தான் இரண்டாவது வழியாக 2019இல் வந்த வீட்டு லேபிள் எனக்குச் சரியாகப் படுகிறது. அது குடியிருப்பவரின் சிக்கனத்தை அல்ல, சுவரையும் சன்னலையும் கூரையையும் கணக்கிடுகிறது. அடிப்படை, குடியிருப்புக் கட்டடங்களின் எரிசக்தி சிக்கனத்துக்கான 2018இன் ஈக்கோ நிவாஸ் சம்ஹிதா விதிகள். கூரை வழியே வெப்பம் கடக்கும் அளவு, சதுர மீட்டருக்கு ஒரு டிகிரி வித்தியாசத்தில் 1.2 வாட்டைத் தாண்டக்கூடாது என்கின்றன அவை. வெறும் கான்கிரீட் தளத்தில் இது மூன்றுக்கும் மேல். நெல்லையில் வீட்டின் விதியை எழுதுவது கூரைதான். சுண்ணாம்புக் காரையும் தட்டோடும் பதித்த பழைய மச்சுக்கு இருந்த அக்கறை, இன்று செலவு மிச்சம் என்று முதலில் வெட்டப்படுகிறது. திறக்கக்கூடிய சன்னல்கள் தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது வேண்டும் என்பதும் வெப்ப ஈரப்பதப் பகுதிக்கான விதி. செங்கோட்டைக் கணவாய்க் காற்றை அறிந்தவர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை.

குறையும் உண்டு. அந்த விதிகள் 500 சதுர மீட்டருக்குக் குறையாத மனைகளுக்கே எழுதப்பட்டவை; அது பன்னிரண்டு சென்ட்டுக்கும் மேல். ஐந்து சென்ட்டில் கட்டுகிற நம்மவர் வெளியே நிற்கிறார். லேபிளில் தனிவீடுகளும் சேரலாம், ஆனால் விருப்பம் இருந்தால்தான்.

ஐ.ஜி.பி.சி., கிரிஹா என்ற பசுமைக் கட்டடச் சான்றுகள் தண்ணீர், கழிவு, பொருள்கள் என்று பலவற்றுக்கும் புள்ளி தருபவை. பெரிய வளாகங்களுக்குப் பொருந்தும். வீட்டின் சூட்டை மட்டும் அறிய விரும்புகிறவருக்குச் சுற்றுவழி.

விருப்பம், கட்டாயம் என்பதில்தான் பெரிய வித்தியாசம். ஐரோப்பிய ஒன்றியம் விற்பனைக்கும் வாடகைக்கும் கட்டடத்தின் எரிசக்திச் சான்று வேண்டும் என்று 2002இலேயே உத்தரவு போட்டது. இங்கிலாந்தில் 2018 முதல், விலக்கு பெறாத வீட்டை, 'ஏ' முதல் 'ஜி' வரையான எரிசக்தித் தரவரிசையில் 'ஈ'க்குக் கீழே இருந்தால் புதிதாக வாடகைக்கு விடக்கூடாது. இங்கே அதை அப்படியே கொண்டுவந்தால் வாடகைதான் ஏறும். அடுக்குமாடி விற்கிறவரிடமிருந்து தொடங்கலாம்: விளம்பரத்தில் சதுர அடி விலைக்குப் பக்கத்தில் கூரை வழியே வெப்பம் கடக்கும் எண்ணையும் அச்சிடட்டும்.